குழாயடி மரம்

— இதுல சந்தோசப்பட என்னங்க இருக்குது, நர்சம்மா?

— ஏன் காளியாயி இப்படிக் கேக்கறீங்க? ஆடி மாசம் நான் அஞ்சு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டப்போ உங்க அண்ணன் ஒண்ணுதான் சொன்னாரு. இந்தப் புது மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு ஆறு மாசம். இன்னைக்கு அஞ்சுக்கு அஞ்சு.

— யாரு கண்ணு வந்திருக்கறது?

— நர்சம்மா, அண்ணா. நீ காப்பிக்கொட்டையில கோழி வாய் வெக்காம பாத்துக்க.

— இந்த மாத்திரையைச் சோதிச்சுப் பாக்கற பெங்களூர் டாக்டருங்க, நான் மார்க் எழுதுன நோட்டை ரெண்டு தடவை கேட்டு வாங்கிப் பாத்தாங்க.

— சாப்பிட்டதெல்லாம் வாந்தியாப் போவுதுங்க. ஆளு பாதியாயிட்டுது.

— மறதி குணமாகுதுன்னா பொறுத்துக்கலாம்ல? உங்க அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்த மாதிரியே கிளியூர்லயும் ஒரு குடும்பம், பரம்பரையா நாப்பதைத் தாண்டுனா மறதி. திங்கக்கிழமை அவங்க மூணு பேருக்கும் இதே மாத்திரை குடுக்கப் போறோம், உங்க அண்ணன் கணக்கை நம்பி.

— ஏனுங்க, குடுத்துராதீங்க.

— ஏன்?

— நான் ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க. மறைச்சுட்டுச் சேர்வராயன் சன்னதிக்குப் போக முடியல.

— பயப்படாம சொல்லுங்க.

— மொதத் தடவை நீங்க கேட்டுட்டுப் போனப்புறம் அண்ணன் கதவுக்குப் பின்னால நின்னு அழுதுச்சுங்க. எஸ்டேட்ல நாப்பது ஆளை நோட்டுப் பாக்காம பேர் சொல்லிக் கூப்பிட்ட மேஸ்திரி. எனக்கு மனசு கேக்கல. மாசா மாசம் நீங்க கேக்கறது அதே அஞ்சு வார்த்தைதானுங்களே. சொல்லிக் குடுத்துட்டேன்.

— எப்படி?

— ஊட்டுல இருந்து குழாய் வரைக்கும் அஞ்சு ஆரஞ்சு மரம். மரத்துக்கு ஒரு வார்த்தை. குடத்தைத் தூக்கிட்டுப் போகையில அண்ணன் ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் நின்னு சொல்லும். திரும்பையிலயும் சொல்லும். தினம் ஆறு நடைங்க.

— நல்லாருக்குது போங்க. நான் இருபது வளைவு மலையைப் பஸ்சுல ஏறி வந்து, உங்க பாடத்துக்கு மார்க் போட்டுட்டுப் போயிருக்கேன்.

— கோவமுங்களா?

— உங்க மேல இல்ல. வார்த்தையை மாத்தி மாத்திக் கேக்காதது என் தப்பு. இன்னைக்கே டாக்டருக்குச் சொல்லிடறேன். கிளியூர்ல குடுக்க மாட்டாங்க. நீங்க வாய் தெறந்ததுல மூணு பேரு பொழைச்சாங்க.

— இனி அண்ணனைத் தள்ளி வெச்சுருவாங்களா?

— மாத்திரையை நிறுத்துவாங்க. ஆனா நான் வருவேன். கேள்வி கேக்க இல்ல, ஒரு வாய் காப்பி குடிக்க.

— அது போதுமுங்க. அண்ணனுக்கும் மனுச மொகம் வேணும்.

— சரி, எந்த மரத்துக்கு எந்த வார்த்தை? அதையும் எழுதிக்கறேன்.

— வாசல் மரம் விளக்குங்க. அடுத்தது ஆடு. பாறையோரம் நிக்கறது சட்டை. அப்புறம் தேங்காய். குழாயடி மரம்...

— ம்.

— குழாயடி மரமுங்க. காத்தால கூடச் சொல்லிக் குடுத்தேன். இருங்க. விளக்கு, ஆடு, சட்டை, தேங்காய்...

— காளியாயி, உங்களுக்கு என்ன வயசு?

— நாப்பத்தொண்ணுங்க. விளக்கு, ஆடு...

— காளியாயி...

— நாக்கு நுனியில நிக்குதுங்க. விளக்கு...

— அழுவாத கண்ணு. குழாயடி மரத்துக்குப் பூட்டு. உன்ற குடத்தை எடு, போலாம். நான் சொல்லித் தர்றேன்.