நூறைத் தொட எத்தனை வினாடி

என் வெள்ளைக் காரை ஒரு நாள்கூட நான் வெயிலில் நிறுத்தியதில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் என்பதிலிருந்து தொடங்கினால் உங்களுக்கும் சுலபமாக இருக்கும், சார்.

இருபது வருடமாக ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் மேற்பார்வையாளர் வேலை. வண்டி உள்ளே வரும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். பானெட்டை எப்படித் திறப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் பதினைந்து நாள் இடைவெளியில் கார் வாங்கினோம். எனக்கு வெள்ளை, அவனுக்குச் சாம்பல் நிறம். இரண்டுமே ஆபீஸுக்குப் போகவும் காய்கறி வாங்கவும் ஆன சாதாரணக் கார்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட என் வண்டிக்கு 12.4 வினாடி, அவனுடையதற்கு 12.8 என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் மாமனார் பள்ளி ஓட்டப்பந்தயங்களில் நேரம் எடுத்தே ஓய்வு பெற்றவர். ஸ்டாப்வாட்ச் இல்லாமல் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு புத்தகங்களையும் படித்தார்.

"புஸ்தகத்துல என்ன வேணா போடுவான். ஓட்டிப் பாத்துடுவோம்" என்றார்.

மூடிப்போன மில்லுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் நேர் சாலை. கடைசியில் மில்லின் சுற்றுச்சுவர். ஆள் நடமாட்டம் கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குடும்பமே அங்கே போகும். முள் நூறைத் தொட்டதும் ஓட்டுகிறவன் ஹார்ன் அடிக்க வேண்டும், ரோட்டோரம் நிற்கும் மாமா ஸ்டாப்வாட்சை நிறுத்துவார். முதல் வாரம் அவனுக்கு 12.9. எனக்கு 13.6.

நான் டயர் காற்றைச் சரிபார்த்தேன். ஃபில்டரை மாற்றினேன். எடை குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தேன். மூன்றாவது வாரம் 13.4 வந்தது. அதற்குமேல் அசையவில்லை.

"வண்டில ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் பயந்து பயந்து கியர் மாத்துறீங்க" என்றாள் என் மனைவி. தங்கை புருஷன் பக்கத்தில் நிற்கும்போது சொன்னாள்.

நான்காவது வாரம் வண்டியை மாற்றி ஓட்டச் சொன்னார் மாமா. அவனுடைய காரில் எனக்கு 13.8. என்னுடைய காரில் அவனுக்கு 12.5. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வண்டி பெரிய மாப்பிள்ளையோடதுதான் ஒசத்தி. கால்தான் சின்ன மாப்பிள்ளையோடது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகிப் பதினோரு வருடம். மாமாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு உடன் இருந்தவன் நான். குழாய் ஒழுகினால் எனக்குத்தான் போன் வரும். ஆனால் எங்கே புறப்பட்டாலும் அவர் போய் உட்காருவது அவன் வண்டியின் முன்சீட்டில். அவன் ஏதோ சொல்வான், இவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். பின்னால் ஓட்டிக்கொண்டு வருகிற எனக்குக் கண்ணாடி வழியாக அது தெரியும். வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது?

அவன் காரை இலவசமாகக் கழுவித் தருகிறேன் என்று சர்வீஸுக்கு வாங்கிப் போனேன். டிரைவர் காலடியில் ஏற்கெனவே விரித்திருந்த ரப்பர் மேட்டின் மேல் இன்னொரு தடித்த ரப்பர் மேட்டைப் போட்டேன். ஆக்சிலேட்டர் பெடல் அதில் முட்டி நிற்கும், முழுக்க இறங்காது. அரை வினாடியாவது கூடும். மேட்டின் மேல் மேட் போடக் கூடாது, நழுவினால் பெடல் சிக்கிக்கொள்ளும். எங்கள் நிலையத்துச் சுவரில் அந்த எச்சரிக்கையை எழுதி ஒட்டியவனே நான்தான்.

அந்த ஞாயிறு அவனுக்கு 13.7. எனக்கு 13.3. திரும்பும்போது மாமா என் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நல்லா ஓட்டினீங்க மாப்ள" என்றார். வீடு வரும்வரை நான் நாற்பதைத் தாண்டவில்லை. சீக்கிரம் போய்ச் சேர மனம் வரவில்லை.

புதன்கிழமை சகலை வந்தான். "அண்ணா, ஆக்சிலேட்டர் ஒரு தடவ கீழயே நின்னுடுச்சு. காலால இழுத்து விட்டேன். கொஞ்சம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். மேல் மேட் நழுவி, ஓரம் பெடலைப் பிடித்திருந்தது. இழுத்து நேராகப் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி 12.9 வரும்.

"ஒண்ணுமில்லப்பா, புது வண்டில அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவன் நன்றி சொன்னான்.

ஞாயிறு காலை மாமா ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்தார். "சின்னவரு எங்க தப்பு பண்றாருன்னு பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்று அவன் காரில் ஏறினார். நான் தோற்றிருந்த நாலு வாரத்தில் ஒரு தடவைகூட அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மேட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட உங்களிடம் பொய் சொல்லலாம். சொல்லவில்லை. பட்டனை அழுத்தினேன்.

நூறைத் தொட்ட ஹார்ன் கேட்டதும் பிரேக் விளக்கு எரிந்தது. என்ஜின் சத்தம் மட்டும் குறையவில்லை. அங்கே நின்றவர்களில் அதற்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. புதன்கிழமை செய்திருக்க முடியும்.

வண்டி மோதி நின்ற சுவரண்டை முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான். மற்றவர்கள் வருவதற்குள் மேல் மேட்டை உருவிச் சட்டைக்குள் சொருகினேன். அதற்குப் பிறகுதான் மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி அப்போது இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்போது இல்லை.

சகலைக்குக் காலும் வலது கையும் முறிந்தன. கண் விழித்ததும், "என் கால்தான் அண்ணா எங்கயோ தப்பு பண்ணிடுச்சு" என்று அழுதான். "இருக்கலாம்" என்றேன். மச்சினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தான், நீங்க புதன்கிழமை பாத்தீங்களே, வண்டி நல்லாதானே இருந்துச்சு?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அத்தோடு முடிந்தது, இனி அவனை யாரும் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு, சார். புருஷனைப் பறிகொடுத்த மாமியார் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, உங்க மேல தப்பில்ல" என்று முதுகைத் தடவுகிறார். என் மனைவி ஆபீஸுக்கு லீவு போட்டு அவனுக்கு ஆப்பிள் தோல் சீவிக் கொடுக்கிறாள். அவன் அழுதால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அழுகிறார்கள். பன்னிரண்டு நாளாக நான் சாப்பிட்டேனா என்று ஒருத்தர் கேட்கவில்லை. மாமாவுக்குக் கடைசிவரை நாடி பிடித்தவன் நான்.

மேட் என் டிக்கியில், ஸ்டெப்னி இருந்த குழியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். பொறாமையில் வந்து சொல்கிறான் என்று மட்டும் நினைக்க வேண்டாம், நியாயத்துக்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மாமா செத்ததில் அவனுக்குத் துளிப் பங்கும் கிடையாது. அது ஒன்றையாவது முழுசாக என் பெயரில் போடுங்கள்.