மோதிர விரல் பயிற்சி

காலையில் எழுந்ததும் வலது முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு குடைச்சல் இறங்கும். வெந்நீரில் கையை வைத்தால் சற்று அடங்கும். இந்த வயதில் யாருக்குத்தான் வலி இல்லை?

நான் மூட்டை தூக்கியவரின் மகன். சரக்குக் கிடங்கை ஒட்டிய அரங்கில் கிடந்த பழைய பியானோவில்தான் கற்றேன். பிறகு மேடைகள், பிறகு இந்தக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. இசைக்குழுவோடு நடக்கும் ஆண்டுக் கச்சேரியில் பியானோ என்னுடையது. அந்த இடத்தை வேறு யாரும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மோதிர விரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கியது. வாசிக்கும்போது மட்டும்தான், சட்டைப் பொத்தான் போடும்போது ஒழுங்காக இருக்கும். நான் இளமையில் செய்த பயிற்சிதான் காரணம் என்றார் டாக்டர். மற்ற நான்கு விரல்களையும் கட்டைகளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை மட்டும் தூக்கித் தூக்கி அடிப்பது. வலித்தபோதே நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம், இனி திரும்பாது என்றார். வெளியே சொல்லவில்லை. அந்த விரலின் வேலையை மற்ற விரல்களுக்குப் பங்கு போட்டு வாசித்தேன். கைதட்டினார்கள்.

கண்டுபிடித்தவள், மேடையில் எனக்கு இசைக்குறிப்பின் பக்கங்களைப் புரட்டிய மாணவி. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெண்ணின் மகள். வகுப்பில் எறும்பு என்பார்கள். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"சார், அந்த எடத்துல மோதிர விரலை விட்டுட்டீங்களே. கை வலிக்குதா?"

"நீ பக்கத்தைப் புரட்டு. என் கையைப் படிக்காதே."

சிரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே கல்லூரி முதல்வர் என்னை அழைத்து, அடுத்த கச்சேரியை எறும்புக்குக் கொடுத்தால் என்ன, உங்களுக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கும் என்றார். நல்ல யோசனை என்றேன். மறுநாள் அவளுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தேன்.

வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வலித்ததுமே டாக்டரிடம் ஓடியிருக்கும். கூலி வீட்டுப் பிள்ளை வலியை நோயென்று எண்ணாது. வேலை நடக்கிறது என்றுதான் எண்ணும். நானும் அப்படித்தான் கெட்டேன். அதனால்தான் அவளிடம் இது பலிக்கும் என்று தெரிந்திருந்தது.

"கை இழுக்குது சார்," என்றாள் ஒருநாள்.

"மூட்டை தூக்குறவன் முதுகு வலிக்குதுன்னு உட்கார்ந்தா உலை கொதிக்குமா?"

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லுது," என்று மணிக்கட்டை உதறிவிட்டு மறுபடி தொடங்கினாள். நான் ஜன்னலோரம் நின்று, இன்னும் வேகமாக என்றேன்.

கச்சேரிக்கு முன்பே அவள் விரல் மடங்கிவிட்டது. அதைத் தொட்டு மற்ற விரல்களும். பொத்தான்கூடப் போட முடியவில்லை. என்னைவிட வேகமாகப் பயின்றவள் அல்லவா. நான்தான் மேடையேறினேன்.

அவள் அம்மா என் அறைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவளுக்குக் கொடுத்து வைக்கலை சார். நீங்க உசிரைக் கொடுத்துத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

தலையாட்டினேன். இப்போது எறும்பும் அம்மாவோடு சலவைக் கூடத்தில் நிற்கிறாள், இடது கையால் விரிப்பு மடிக்கிறாள்.

ஒரே பயிற்சி, இரண்டு கைகள் என்று விசாரணைக் குழுவான உங்களுக்கு எழுதியவர், அவள் கையையும் பார்த்த அந்த டாக்டராகத்தான் இருக்க வேண்டும். அவள் புகார் கொடுத்திருக்க மாட்டாள். மேடை என்றாவது ஒருநாள் அவளைக் கைவிட்டிருக்கும், சின்ன வயதிலேயே விட்டது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் தூக்கம் வருகிறது.

தெரிந்தே கெடுத்தேன். அவளுக்கு நான் ஒரு வலது கை பாக்கி.