சத்யப்பிரியாவுக்கு ட்ரெய்னிங், எனக்கு டீக்கடை

...வேலையாம், வேலை! என்ற புள்ளைக்கு வேலையில்லைன்னு இப்ப யாருங்க அழுதா? ஏனுங்க அம்மணி, சித்த அக்கட்டால தள்ளி ஒக்காருங்க, தூணு மறைக்குது. கம்பெனி கேட்டு வாசலு எனக்குத் தெரியோணுமல்லங்க. ம்ம்... இப்பச் சரி.

நீங்க புதுசுங்களா? அதான பாத்தேன். உள்ள உட்டது பையனையா? பேரென்னங்க... தரணீதரனா. காது கேக்காதுங்களா? அட சாமி! இன்னைக்குத்தான் மொத நாளா! சரி சரி, எல்லாத்தையும் நான் சொல்லித் தாரேன். இந்த பேக்கரி பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து நான் டீ மாஸ்டருக்கே யோசனை சொல்ற அளவுக்கு ஆயிட்டேன். கேக்கத்தான் மாட்டேங்கறாரு, அது வேற கதை.

என்ற பொண்ணு சத்யப்பிரியா. பொறந்தப்பவே டவுன் சிண்ட்ரோம்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு டம்ளரக் கழுவ உட்டதில்லீங்க நானு. தலை சீவறதுலருந்து சோத்தப் பெசஞ்சு குடுக்கற வரைக்கும் இந்தக் கைதான். ராணியாட்ட வெச்சிருந்தேன். அது பொறுக்கலீங்க அவ படிச்ச ஸ்கூலுக்கு! இந்த பனியன் கம்பெனிகூடப் பேசி, இன்டர்ன்ஷிப்புன்னு ஒன்னக் கொண்டாந்துட்டாங்க. மொதல்ல பிசிறு வெட்டறது, அப்பறம் செக்கிங்கு, அப்பறம் பேக்கிங்கு. எது சரிப்படுதோ அதுல வேலைக்கு எடுத்துக்குவாங்களாம், மத்தவங்களாட்டவே. பாவம் பாத்தெல்லாம் எடுக்கறதில்லையாம்! எச்.ஆர். மேடம் ஜெயபாரதி அதப் பெருமையாச் சொல்றாங்க. பாவம் பாக்காததுல என்னுங்க பெருமை?

'புள்ள பழகற வரைக்கும் நானும் கூட ஒக்காந்துக்கறேன்'னேன். ரெண்டு மூணு நாளைக்குன்னாங்க. ரெண்டு மூணு நாளுன்னா ஒரு வாரந்தானுங்களே?

உள்ள போனா, மூட்டை மூட்டையா பனியனக் கொண்டாந்து இவ முன்னால கொட்றாங்க. தச்ச துணியில அங்கங்க தொங்கற நூலுதானுங்க பிசிறு. அதக் கத்தரியில நறுக்கோணும். இவ ஒரு பனியன எடுத்து, திருப்பி, தடவிப் பாத்து, ஒரு நூல வெட்டி, வெட்டுன நூலயும் ஒருக்கா பாத்து... அதுக்குள்ள பக்கத்துல இருக்கறவ ஒரு கட்டே முடிச்சுர்றா! பெத்த வவுறு கேக்குமுங்களா? சூப்பர்வைசரு அந்தப்பக்கம் திரும்புனதும் கத்தரிய வெடுக்குனு புடுங்கி நானே வெட்டிப் போட்டேன். இவ 'அம்மா, குடு... அம்மா, குடு'ங்கறா. 'நீ சும்மா இரு கண்ணு'ன்னுட்டேன். சாயங்காலம் எல்லாரும் கை தட்டுனாங்க, சத்யா சூப்பருன்னு. நானும் தட்டுனேனுங்க.

மறுநா அந்த சூப்பர்வைசரு செந்தில்வேலு ஒரு கட்டு பனியனத் தூக்கிட்டு வர்றான். பூரா ஓட்டை! நூலோட சேத்து துணியும் போயிருச்சாம். கண்ணாடிய ஊட்டுல வெச்சுட்டுப் போயிட்டேன், அது ஒரு குத்தமுங்களா? 'இந்தப் புள்ளைக்குக் கத்தரி ஆகாது மேடம், திருப்பி அனுப்பிரலாம்'ங்கறான். நான் பேசாம நின்னேன். அவளும் பேசாம இருக்கலாமில்லங்க? எந்திரிச்சு நின்னு, அத்தன மிஷினு சத்தத்துலயும் கேக்கற மாதிரி, 'ஓட்ட போட்டது அம்மா! இது நான் வெட்டுனது'ன்னு தனியா எடுத்து வெச்சிருந்தத நீட்டறா. அதுல ஒரு ஓட்டையில்ல. நாலே நாலு பனியன், ஆனா ஓட்டையில்ல. பெத்த தாயக் காட்டிக் குடுத்துட்டு எப்பிடி நிக்கறாங்கறீங்க, கலெக்டராட்ட!

மேடம் வந்தாங்க. 'பூவாத்தாம்மா, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வெளிய காத்தாட ஒக்காருங்க'ன்னு, கேட்டு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பி வெச்சாங்க. சம்மந்தி ஊட்டுலருந்து வந்த ஒறம்பரையக்கூட அத்தன மரியாதையா அனுப்ப மாட்டாங்க. அன்னைலருந்து இந்த பெஞ்சுதானுங்க எனக்கு.

இப்ப பேக்கிங்கு. மடிச்சு கவர்ல போட்டு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டோணும். எவளாச்சும் ஸ்டிக்கர மாத்தி ஒட்டுனா, கையப் புடிச்சுட்டு 'தப்பு'ங்கறாளாம், உட மாட்டேங்கறாளாம். பீகார்ப் புள்ளைககூட சேந்துட்டு, ஊட்டுக்கு வந்து என்னைய 'ஜல்தி, ஜல்தி'ன்னு இந்தியில வெரட்டறா! சோத்தப் பெசஞ்சா என் கையத் தட்டி உடறா. அவளே பெசஞ்சு மேலெல்லாம் செதறிட்டுத் திங்கறா. டம்ளர வேற கழுவறா. கழுவட்டும், அவ அந்தப்பக்கம் போனதும் நான் திருப்பிக் கழுவிக்கறேன்.

இன்னைக்குக் காலைல நடந்ததக் கேளுங்க. நான் பூட்டத் தேடிட்டிருக்கறேன், கம்பெனி வேனு வந்திருச்சு. ஏறிட்டா! தனியா! திரும்பிப் பாத்தாளாங்கறீங்க? ம்ஹூம். டவுன் பஸ்ஸப் புடிச்சு மூச்சு வாங்க ஓடியாந்தா, 'உங்க பொண்ணு வேலையே ஆரம்பிச்சாச்சுங்க'ன்னு வாட்ச்மேன் சிரிக்கறான்.

மேடமும் வெளிய வந்தாங்க. அடுத்த மாசத்துலருந்து சத்யாவ வேலைக்கே எடுத்துக்கறாங்களாம். எல்லாத்துக்கும் என்ன சம்பளமோ அதே சம்பளம். 'சந்தோசந்தானுங்க?'ன்னாங்க. சந்தோசந்தானுங்க, இல்லாம என்ன... நான் போன பொறகு இவளுக்கு யாருன்னு சிவன்மலை முருகங்கிட்டப் போயி அழுகாத கிருத்திகை இல்லீங்க. முருகன் கேட்டுட்டான். இன்னுங் கொஞ்சம் மெதுவாக் கேட்டிருக்கலாம்.

இவ மேடத்துகிட்ட என்ன சொன்னாளாம் தெரியுமுங்களா? 'நான் வேலைக்கு வந்துட்டா அம்மா ஊட்டுல என்ன பண்ணும்? அதுக்கும் ஒரு ட்ரெய்னிங் குடுங்க'ன்னாளாம்! மேடம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டே, எடமிருக்குதுங்களான்னு கேட்டுப் பாத்தேன். 'கத்தரியில்லாத வேலை எதும் காலியில்லீங்களே'ங்கறாங்க.

ஆ, பெல்லு! டீ டைமுங்க! அங்க பாருங்க, ஊதாக் கோட்டுப் போட்டுட்டு நடுவுல வர்றா, அவதான் என்ற பொண்ணு. என்னைப் பாத்துட்டா! கையாட்டறா பாருங்க! சத்யாக் கண்ணு! பன்னு வேணுமா? பன்னு!... என்னங்க சொல்றா? 'வா'ங்கறாளா?... இல்லீங்களே... அட, 'போ'ங்கறாளுங்க. 'ஊட்டுக்குப் போ, போ'ங்கறா!

பாத்தீங்களா அம்மணி? நீங்களே சொல்லுங்க, இது நாயமு—

ஏனுங்க? அம்மணி?... மாஸ்டர், இங்க இருந்தவங்க எங்க? பஸ் ஏறிட்டாங்களா? பையன உள்ள உட்டுப்போட்டா! மொத நாளு! காது கேக்காத பையன!... ஓ, கேட்டுல அவனப் பாத்து கையக் காட்டிட்டுத்தான் போனாங்களா. அவன்... சிரிச்சானா?

ம்க்கும். ஒரு டீ ஆர்ற நேரங்கூட ஒக்கார முடியல, இவங்கெல்லாம் ஒரு அம்மா!

ஏனுங்க மாஸ்டர், அடுத்த பஸ்ஸு எப்பங்க?... இல்ல, சும்மாத்தான் கேட்டேன்.