அலரி என்று நான் சொன்ன பூ

கோட்டின் இடது மடிப்பில் ஒரு துளை இருக்கிறதே நீதவான் ஐயா, அது பொத்தான் போடுவதற்கு அல்ல, பூக் குத்துவதற்கு. கொழும்பில் கோட்டுப் போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. மீதிப்பேர் கலியாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை ரோஜா ஒன்றைச் செருகிக்கொண்டு போய் நிற்பார்கள். எனக்காக வாதாட வந்திருக்கும் புறக்டர் ஐயாவின் கோட்டில் அந்தத் துளை வெட்டப்படவே இல்லை. மேலே நூலால் தைத்து ஏமாற்றியிருக்கிறான் தையற்காரன். குறை நினைக்க வேண்டாம், என் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பூவிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் கிறகோரி மிறாண்டா. பிறந்ததும் இருப்பதும் கொட்டாஞ்சேனையில். கோட்டையில் துரைமார் உடுப்பு வாங்கும் கடை ஒன்றில், ஆண்கள் பகுதியில் வேலை. எந்தத் தோளில் எந்தத் துணி ஒழுங்காக விழும் என்று ஆள் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எதையும் பார்த்து, யோசித்து, அளந்து செய்கிறவன் என்பதற்காகச் சொல்கிறேன். கை நீட்டி ஒருவனை அடித்தவன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிறில் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கர். ஆள் நல்ல அழகன், ஆனால் உடுக்கத் தெரியாது. மண்ணிறச் சப்பாத்துக்குக் கறுப்புக் காலுறை போடுகிற சாதி. நான்தான் அவனை ஆளாக்கினேன். எந்த விசேஷத்துக்குப் போவதென்றாலும் முதலில் என் அறைக்கு வந்து, "மச்சான், இண்டைக்கு என்னத்தைப் போட?" என்று நிற்பான். நானும் சலிக்காமல் உடுத்திவிடுவேன்.

பிறிஜெற் எங்கள் மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். அவளை நான் இரண்டு வருஷமாகக் கடைசி வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கதைத்ததில்லை. எனக்குத் தாய் தகப்பன் இல்லை, பெண் கேட்டுப் போக வேறு பெரியவர்களும் இல்லை. தன் கலியாணத்தைத் தானே போய்ப் பேசுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. ஆகவே எனக்காகப் பேசப் போகும்படி சிறிலைக் கேட்டேன். அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

பேசப் போகிறவன் கண்ணியமாகத் தெரிய வேண்டும் அல்லவா. என்னுடைய சாம்பல் நிறக் கோட்டை அவனுக்குப் போட்டேன். நுவரெலியாவிலிருந்து கடைக்கு வந்த கார்னேஷன் ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் குத்தினேன். கண்ணாடியில் பார்த்து அவனே வாயைப் பிளந்தான்.

அன்று பொழுதுபடத் திரும்பி வந்தான். கதிரையில் இருக்காமல் கதவடியிலேயே நின்றான்.

"மச்சான், கோவிக்காத. நான் வாயைத் திறக்க முந்தியே தகப்பன் என்ர உத்தியோகத்தை விசாரிக்கத் தொடங்கிட்டார். தேத்தண்ணியோட பெட்டையும் வந்திட்டுது. அவையள் என்னைத்தான் மாப்பிளை எண்டு நினைச்சுப்போட்டினம். அதுக்குப் பிறகு இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? வீட்டுக்குப் போய் மனுசரை வெக்கப்படுத்தின மாதிரி எல்லோ."

"நீ என்ர பேரைச் சொன்னனியோ?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான்."

கோட்டைக் கழற்றித் தா என்று மட்டும் சொன்னேன். கழற்றித் தந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது பிறிஜெற்றின் சித்தி ஐறீனிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "உங்கட பேரா? அவர் எடுக்கவேயில்லையே தம்பி. ஏன், என்ன விசயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் ஐயா. அவர்கள் மாப்பிள்ளை என்று எண்ணியது சிறிலை அல்ல. என் கோட்டை, என் பூவை. உள்ளே இருந்த ஆள்தான் மாறிப்போனான்.

சிறிலுக்கு வெட்கம் என்பது இரண்டு கிழமைக்கு மேல் நிற்காது. மூன்றாம் கிழமை சிரித்துக்கொண்டு வந்தான். நான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டுமாம். கோட்டுத் துணியிலிருந்து பூ வரைக்கும் என் பொறுப்பாம்.

"எல்லாரும் குத்துற வெள்ளை ரோசா எனக்கு வேண்டாம். ஊரில ஒருத்தனும் குத்தாத பூவா இருக்க வேணும். பாக்கிறவன் மூக்கில விரல் வைக்க வேணும்" என்றான்.

ஓம் என்றேன்.

கருநீலத் துணி எடுத்தேன். பூவுக்குத்தான் நாட்கணக்காக யோசித்தேன். கார்னேஷனை அவனுக்கு இன்னொரு முறை குத்த என் கை வரவில்லை. ஓர்க்கிட் பெண்பிள்ளைத்தனமாக இருக்கும். கார்டினியா கை பட்டாலே கறுத்துவிடும். கலியாணத்துக்குப் பின் குடியிருக்கவென்று சிறில் வெள்ளவத்தையில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தான். அதைக் காட்ட என்னைக் கூட்டிப்போனான். அந்த வீட்டு வேலியோரம் அடுக்கு அலரி பூத்திருந்தது. இளஞ்சிவப்பு, சின்ன ரோஜாவைப் போல இதழ் இதழாக. சைவக்காரர்கள் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள், வேதக்காரர் யாரும் கோட்டில் குத்த நினைக்க மாட்டார்கள். கருநீலத்தின் மேல் அது எப்படி எடுபடும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. சிறிலும் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

கலியாணக் கூட்டத்தில் வேறு எவர் கோட்டிலும் அது இராது. நான் அதைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அது. அல்பட் சிறிலை முன்பின் கண்டதில்லை.

அல்பட் கொலன்னாவை ஆள். கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், கேட்டால் வேறு வேலைகளும் செய்வான். தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கதைத்தேன். கொல்லச் சொல்லவில்லை ஐயா, இதை நீதிமன்ற முதலியார் சரியாக மொழிபெயர்த்து எழுத வேண்டும். கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். தினம் காலையில் சவரம் செய்யும்போது சிறில் என்னை நினைக்க வேண்டும். என் பெயரை எடுக்க மறந்தவனுக்கு அதைவிட நியாயமான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

அல்பட் சல்லி கேட்கவில்லை. கோட் ஒன்று கேட்டான். கலியாண வீட்டுக் கூட்டத்துக்குள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போனால் மறித்துவிடுவார்கள் என்றான். நியாயமான பேச்சு. என் சாம்பல் நிறக் கோட்டையே கொடுத்தேன். தோள் கொஞ்சம் பிடித்தது, மற்றப்படி அவனுக்கு அழகாகத்தான் இருந்தது.

அவனோடு நான் கதைத்தது பாதிச் சிங்களம், பாதித் தமிழ். கொழும்பில் எல்லாரும் அப்படித்தானே கதைக்கிறோம். "மாப்பிள்ளை கோட்டில் அலரிப் பூக் குத்தியிருப்பான். சீனவெடி கொளுத்தும்போது செய்" என்றேன்.

"அரலிய மல்? ஹரி மாத்தயா" என்று சரிக்குத் தலையாட்டினான்.

இந்த இடத்தில் முதலியார் இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதியிருக்கிறார். தயவுசெய்து திருத்துங்கள். நான் சொன்னது அலரி. சிங்களத்தில் அதற்குப் பெயர் கணேரு. அரலிய என்றால் அவர்களுக்கு வேறு பூ. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பன்சலையில் புத்தருக்கு வைப்பார்களே, எங்கள் சவக்காலையிலும் கல்லறைகளுக்கு நடுவே நிற்குமே, அது. எனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அன்றைக்கு, அலரி என்ற சொல் அவன் நாக்கில் அப்படிப் புரள்கிறது என்றுதான் நினைத்தேன்.

கலியாணத்தன்று காலையில் வெள்ளவத்தைக்குப் போய் அந்தப் பூவை நானே பறித்து வந்தேன். காம்பில் ஈரப் பஞ்சு சுற்றிக் குத்தினேன். கோட்டில் ஈரம் ஊறுகிறது என்று சிறில் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். பூ வாடிவிடும் என்று சொன்னேன். கேட்கவில்லை.

பூசையின்போது அவன் பக்கத்திலேயே நின்றேன். மோதிரத்தை எடுத்துக் கொடுத்தது நான். பிறிஜெற் ஒரு முறையும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காரணமும் அவளுக்கு இல்லைத்தானே.

வெளியே வந்தபோது அல்பட்டைக் கண்டேன். கோவில் வளவில் ஒரு அரலிய மரம் நிற்கிறது, அதன் கீழ் நின்றான். ஒவ்வொருத்தர் கோட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தான். சிறிலைப் பார்த்தான், அலரியைப் பார்த்தான், அப்படியே தாண்டிப் போய்விட்டான். பிறகு என்னைப் பார்த்துக் கீழே கிடந்த அரலியப் பூ ஒன்றை எடுத்து, எங்கே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் தேடுகிற பூ யாருடைய கோட்டிலும் இல்லை. இனி ஒன்றும் நடக்கப்போவதில்லை. நம்பினால் நம்புங்கள் ஐயா, எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. மாதாவே உனக்குத் தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னேன். கையை லேசாக அசைத்து அவனைப் போகச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

படம் பிடிக்கிறவர் எல்லாரையும் படியில் நிறுத்தினார். சிறில் குனிந்து தன் கோட்டைப் பார்த்தான். அலரி துவண்டு, ஈரத் துணிபோலத் தொங்கியது.

"இஞ்ச பாருங்கோ தோழன்ட வேலையை! வாழ்க்கையில ஒரே ஒரு படம். அதுக்கு எனக்குச் செத்த பூ" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். "கடையில பொம்மைக்கு உடுத்துறவனிட்டப் பொறுப்புக் குடுத்தா இப்பிடித்தான்."

கூட்டம் சிரித்தது. பிறிஜெற்றும் சிரித்தாள். "பாவம், விடுங்கோ. ஆர் இவர், உங்கட கடைக்காரரோ?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் ஐயா. அவள் பாட்டில் எந்த இடத்தில் மூச்செடுப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என் முகம்கூடத் தெரியவில்லை. சிறிலாவது சொல்லியிருக்கலாம், கிறகோரி என்று. அவன் அப்போதும் சொல்லவில்லை. "கெதியா வேற பூ ஒண்டு பார்" என்று விரலைச் சொடுக்கினான்.

நான் பார்த்தேன். வளவில் பூத்திருந்தது அந்த மரம் ஒன்றுதான். போய் ஒரு பூப் பறித்தேன், நல்லதாகப் பார்த்து, முழுதாக விரியாததாக. காம்பில் பால் வடிந்தது. கோட்டில் கறை படக் கூடாது என்று என் பையிலிருந்த கைலேஞ்சியால் ஒற்றி எடுத்தேன். வந்து குத்தினேன். கருநீலத்தில் வெள்ளை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். அலரியை விட அது நன்றாக இருந்தது. தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் எடுத்திருப்பான்.

"ஆ, இது எடுப்பா இருக்கு" என்றான் சிறில். அவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

வெடி கொளுத்தினார்கள். புகைக்குள் அல்பட் படியேறி வந்தான். கன்னம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பிறிஜெற் ஏதோ சொல்ல, சிறில் அவள் பக்கம் தலையைத் திருப்பினான். கத்தி கழுத்தில் இறங்கியது. அது அல்பட்டின் பிழை, அல்லது சிறிலின் பிழை. கருநீலத் துணியில் இரத்தம் அவ்வளவாகத் தெரியாது. பிறிஜெற்றின் வெள்ளை உடுப்பில்தான் தெரிந்தது.

மணப்பெண் கையில் ஒரு கொத்து வெள்ளை ரோஜா இருந்ததே, அதில் ஒன்றை எடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். ஆனால் வெள்ளை ரோஜா வேண்டாம் என்று அவனேதான் சொல்லியிருந்தான். வாடிக்கைக்காரர் சொன்னதை நான் மாற்றுவதில்லை.

பூவைக் குத்தியபோது அல்பட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்றும் கேட்டீர்கள். ஓம், பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஆனால் நான் எந்தச் சைகையும் காட்டவில்லை ஐயா, அதைக் கட்டாயம் எழுத வேண்டும். மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு தோழன் நிற்பது அழகில்லை. அதனால் ஓரடி விலகி நின்றேன், அவ்வளவுதான்.