ஏணியில் ஏறிக் காட்டிய சூடம்

ஆயுத பூசை கழிந்த மூன்றாம் நாள். உலக யுத்தம் முடிந்திருந்தாலும் ரயிலில் நெரிசல் குறையவில்லை. தூத்துக்குடியில் ஏறிய பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர், பக்கத்திலிருந்த கடைக்கார அண்ணாச்சியிடம் சொன்னார்:

"நான் சூடம் காட்டுனேன் அண்ணாச்சி, கூரை தண்ணியாக் கொட்டிருச்சு."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"என்னலே சொல்லுத?"

"மில்லுக் கூரையில குழாய் ஓடுதுல்லா? அதுல விரல் தண்டியில கண்ணாடிக் குப்பி அங்கங்க தொங்கும். தீப்பிடிச்சா சூட்டுல குப்பி ஒடைஞ்சு தானாத் தண்ணி கொட்டும். அதுவும் ஆயுதந்தானேன்னு ஏணியில ஏறி, சூடத்தட்டைக் கிட்டக் கொண்டுபோயிட்டேன்."

"பஞ்செல்லாம் நனைஞ்சு போச்சா?"

"அதான் இல்ல. சூடு பட்ட குப்பி மட்டுந்தான் ஒடையும். எங்கப்பா காலத்துல வரிசையா ஓட்டை போட்ட வெறும் குழாய். ஆள் ஓடிப்போயித் தெறக்கணும், தெறந்தா மில்லு முழுக்க வெள்ளம். பொறவு ஈயம் உருகித் தெறக்குத மாதிரி வந்துது. இப்பம் குப்பி. நானும் பூசைச் சாமானுந்தான் நனைஞ்சோம்."

"வேலை?"

"போச்சுன்னுதான் நெனைச்சேன். எஞ்சினியரு ஓடியாந்தாரு, அண்ணாந்து பாத்துச் சிரிச்சாரு. 'மாட்டுன நாள்லேருந்து இது வேலை செய்யுமான்னு எனக்குச் சந்தேகம். இன்னைக்குத் தீந்துது'ன்னாரு. புதுக் குப்பி மாட்டுனதும் குழாய்ல சுத்த அவரே பூ வாங்கிக் குடுத்தாரு. சூடம் மட்டும் வேண்டாம்னுட்டாரு."

அண்ணாச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"ஏலே, நாப்பது வருஷமா நானும் கோயில் கோயிலாச் சூடம் கொளுத்துதேன். காட்டுன ஒடனே குடுத்த சாமி இது ஒண்ணுதாம்லே."