பிரியாணிக் கடை மாடியில் ஒரு தொழிற்சாலை

அம்பத்தூரிலிருந்து திருவேற்காடு போகும் ஷேர் ஆட்டோவில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“கணக்குப்படி பாத்தா பாடில கீற ஃபேக்டரில ஆளே இல்லக்கா. எல்லாரும் திருவேற்காட்டுல, பிரியாணிக் கடை மாடிலதான் வேலை செய்றாங்க.”

“இன்னாடி சொல்ற?”

“கவருமென்ட்டு சர்வேக்கு, எந்தக் கம்பெனில எத்தினி பேருன்னு கணக்கெடுக்கப் போனேன். உள்ள மெஷின் ஓடிக்கினு கீது, ஷிப்டுக்கு வந்தவங்க நிக்க எடமில்ல. மேனேஜரு, ‘எங்க ஆளு நாலு பேருதான். மத்தவங்க கான்ட்ராக்டர் ஆளு, அங்க போய்க் கேளு’ன்றான். கான்ட்ராக்டர் ஆபீசு அந்த பிரியாணிக் கடை மாடில; அங்க போனா ஒரு டேபிளு, ஒரு ஃபேனு, ஒரு பொண்ணு. ‘ஆமா, அத்தினி பேரும் எங்க ஆளுதான்’னு சொல்லுது.”

“நீ கண்ணால பாத்தத எழுத வேண்டியதுதானே?”

“எங்க சர்வே சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்றான். யாரு சம்பளம் போடுறாங்களோ, அங்கதான் ஆளாம். இதப் பாத்துட்டு நாளைக்கு பாடி பஸ்ஸக் கொறைச்சிட்டு பிரியாணிக் கடைக்கு பஸ்ஸு வுடுவாங்க.”

தோழி சிரிக்கவில்லை. பாடி பஸ்ஸில்தான் அவளும் வேலைக்குப் போகிறாள் போலிருந்தது.

“சரி, உனக்கு யாருடி சம்பளம் போடுறது?”

அந்தப் பெண் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

“அதே மாடிதான்க்கா.”