இன்னாசியின் எடை

எடை எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோது. ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்குவதற்காக ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். மாதா கோயில் வாசலிலிருந்து நேரே கிடங்குத் தராசுக்கு அழைத்து வந்தால் வெறும் வயிற்று எடை கிடைத்துவிடும். என் பேராசிரியர் இந்த யோசனையை மெச்சினார்.

1952இல் தொடங்கினேன். துறைமுகக் கூலிகள் நாற்பது பேர், ஐம்பத்திரண்டு வாரம். எத்தனை மூட்டை தூக்கினார்கள், உடம்பு எவ்வளவு இளைத்தது, அவ்வளவுதான் ஆராய்ச்சி. நூற்றறுபது ராத்தல் மூட்டை மனிதனைத் தின்கிறது என்று காகிதத்தில் நிரூபித்தால், மூட்டையைச் சிறிதாக்கச் சட்டம் கேட்கலாம். என் அப்பா அந்த மூட்டைக்கு அடியில் முதுகு ஒடிந்து செத்தவர். மேஸ்திரி ஓடிவந்து மூட்டை கிழிந்ததா என்றுதான் முதலில் பார்த்தார்.

நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்பது நானே வகுத்த விதி. நோயால் இளைத்தால் பழி மூட்டைமேல் நிற்காது.

இன்னாசி இருபத்தோராம் எண். தராசில் ஏறும்போதெல்லாம், "இன்னா மாமு, கறிக்கடைக்கு அனுப்பப் போறியா? வெறும் எலும்புதான் கீது, கட்டுப்படியாவாது" என்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். முதல் வாரம் நூற்றுப் பதினெட்டு ராத்தல் இருந்தான். முப்பதாவது வாரம் நூற்றிரண்டு. மற்ற முப்பத்தொன்பது பேரின் எடையும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இளைக்க அந்த உடம்புகளில் ஒன்றும் மிச்சமில்லை. எடை வரைபடத்தில் இன்னாசியின் கோடு மட்டும் நேராகக் கீழே போனது. பேராசிரியர் அதை விரலால் தடவி, உன் ஆராய்ச்சியே இதுதானப்பா என்றார்.

பிறகு இன்னாசி இருமத் தொடங்கினான். மூட்டைத் தூசியில் எல்லோரும்தான் இருமுகிறார்கள் என்று அவனைப் பட்டியலில் வைத்துக்கொண்டேன். அவன் மனைவி வியாகுலம்மாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தாள். முடிவைத் தபாலில் சொல்வதாக அனுப்பிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த சந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என் விலாசத்தைக் கொடுத்திருந்தாள்.

முப்பத்தெட்டாவது வாரம் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. இரண்டு நுரையீரலிலும் காசம். படுக்கை ஒதுக்கியிருக்கிறது. பதினைந்து நாளுக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

இரண்டு முறை படித்தேன். மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

மறுநாள் வியாகுலம்மாள் வந்தாள். "கடுதாசி வந்துச்சா நைனா?"

"இன்னும் வரலக்கா."

தினமும் வந்தாள். தினமும் அதையே சொன்னேன். பதினாறாம் நாள் அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். "வுடு நைனா. நம்மள மாதிரி ஆளுக்கு எந்த ஆஸ்பத்திரில பாய் விரிச்சி வெச்சிகீறான். உன்னால ஆனத நீ பண்ணிட்ட."

யோசிக்காமல் செய்யவில்லை. படுக்கை கிடைத்தவர்கள் எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை. இன்னாசியை நீக்கினால் என்னிடம் இருப்பது முப்பத்தொன்பது தட்டையான கோடுகள். அவற்றைக் கொண்டுபோய் எந்த மந்திரியிடம் சட்டம் கேட்பது? ஒருவன் ஒரு பக்கம், துறைமுகமே ஒரு பக்கம்.

நாற்பத்து மூன்றாவது வாரம் அவன் வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டான். தூக்காத வாரம் ஆராய்ச்சிக்கு உதவாது. மேஸ்திரியிடம் பேசி அவனை மறுபடி மூட்டை தூக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். வியாகுலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நாற்பத்தேழாவது வாரம் எண்பத்தாறு ராத்தல். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். கேலி எதுவும் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, கப்பலுக்குப் போடும் பலகையில் மூட்டையோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சட்டையெல்லாம் ரத்தம்.

பட்டம் கிடைத்தது. சட்டம் வரவில்லை. மூட்டை இன்றைக்கும் நூற்றறுபது ராத்தல்தான். பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கேட்கிறீர்கள், எரித்துவிட்டேன். இன்னாசியைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆய்வேட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள். அவன் சாவுக்குக் காரணம் மூட்டை என்று அதில் எழுதியிருக்கிறேன். மூட்டைக்கு அடியில்தானே செத்தான். ஆராய்ச்சியில் நான் பொய் எழுதினதில்லை.